318க்கு நேரே ஒரு டிக்

ஜனவரி 10

சின்னிக்கு,

அக்கா எழுதுறேன். இங்க நான், மாமா, பெரியவ மூணு பேரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கீங்க? உன் இடுப்பு வலி குறைஞ்சுதா? போன்ல கேட்டா நீ 'ம்', 'ம்'னு மட்டும்தான் சொல்லுவே. காகிதத்துலதான் உனக்கு வாய் திறக்கும், காலேஜ் ஹாஸ்டல்ல இருந்த காலத்துலேருந்தே. அதான் நானும் டீ நேரத்துல அயர்ன் மேஜைக்குப் பின்னால உட்கார்ந்து எழுதுறேன். பத்து நிமிஷம்தான். எழுத்து கோணல்மாணலா இருந்தா சிரிக்காதே.

ஒரு சேதி. மூணு வாரமா எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிட்டு இருக்கேன். எனக்கு நாலு மாசம். நாங்க எதிர்பார்க்கவே இல்ல. பெரியவளுக்கே ஆறு வயசாச்சு, ஒண்ணு போதும்னு இருந்தோம். போன வருஷம் உனக்குத் தங்காமப் போனதிலிருந்து இந்த மாதிரிப் பேச்சை உங்கிட்ட எடுக்கவே எனக்கு நாக்கு எழும்பல. கோச்சுக்காதே.

இன்னொண்ணு கேட்கணும். எங்க தையல் யூனிட்ல ஒரு வருஷம் விடாம வேலை பார்த்தாத்தான் பிரசவத்துக்கு சம்பளத்தோட லீவு. அதைக் குடுக்காம இருக்கவே வருஷம் முடியறதுக்குப் பத்து நாள் முன்னாடி 'பிரேக்'னு சொல்லி வீட்டுக்கு அனுப்பி, அப்புறம் அதே நம்பருக்குப் புது டோக்கன் குடுத்து சேர்த்துக்குவாங்க. நாங்க எப்பவும் புது ஆளுதான். ஆனா நல்லா தைக்கிறவங்க நம்பருக்கு நேரா சூப்பர்வைசர் ஒரு டிக் போட்டு ஹெட் ஆபீசுக்கு அனுப்புவார். அதுல சில பேரை பிரேக் பட்டியல்ல சேர்க்காம விட்டுடுவாங்களாம். இந்தத் தடவை எனக்கு டிக் போட்டிருக்கார். என் நம்பர் 318. நீ ஹெட் ஆபீஸ்ல அந்தப் பட்டியல் போடுற செக்ஷன்லதானே இருக்கே? முடிஞ்சா ஒரு கண்ணு பாரேன். நீ என் தங்கச்சின்னு இங்க யாருக்கும் மூச்சு விடல. நீதான் வேண்டாம்னியே.

பெல் அடிச்சாச்சு. உடம்பைப் பார்த்துக்கோ.

உன் அக்கா

*

ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் எல்லோருடைய நலமும் அறிய ஆவல். உன் கடிதம் வந்து பல நாளாகிவிட்டது. ஆபீசில் வேலை அதிகம்.

நல்ல செய்தி. மகிழ்ச்சி. நேரத்துக்குச் சாப்பிடு, கனமானது எதையும் தூக்காதே.

எங்கள் செக்ஷனில் இப்போது மூன்று பேர் முழுகாமல் இருக்கிறார்கள். எதிர் மேஜைக்காரி வயிற்றின் மேலேயே ஃபைலை வைத்துக்கொண்டு பேனாவை நீட்டுகிறாள், எல்லோரும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறார்கள். மதியம் சாப்பாட்டு அறையில் பேச்செல்லாம் அதுதான். யாருக்குப் புளிப்பு பிடிக்கிறது, யாருக்குக் கால் வீங்குகிறது என்று. நான் வந்து உட்கார்ந்தால் பேச்சு வானிலைக்கு மாறிவிடும். நல்ல மனதோடுதான் மாற்றுகிறார்கள். அதனால் இப்போதெல்லாம் என் மேஜையிலேயே சாப்பிட்டுவிடுகிறேன்.

பட்டியல் விஷயம் கேட்டிருந்தாய். அதெல்லாம் மேனேஜர் முடிவு, அக்கா. நான் டைப் அடிக்கிறவள்தானே. என் கையில் என்ன இருக்கிறது?

மாமாவுக்கு என் வணக்கம். பெரியவளுக்கு முத்தம்.

அன்புத் தங்கை

*

பிப்ரவரி 16

சின்னிக்கு,

நாங்க நல்லா இருக்கோம். நீ தனியா உட்கார்ந்து சாப்பிடாதே. அவங்க பேசினா பேசட்டும், நீ பாட்டுக்குப் போய் உட்காரு.

பிரேக் பட்டியல் வந்துடுச்சு. தண்ணிக் குழாய்க்குப் பக்கத்துல ஒட்டியிருந்தாங்க. மேலேருந்து பார்த்துட்டு வந்தேன், மூணாவது வரிசையில 318 இருந்தது. நம்பர் மாறியிருக்குமோன்னு டோக்கனை எடுத்து வச்சு சரிபார்த்தேன். பைத்தியக்காரி. என் நம்பரே எனக்கு மறந்துபோகுமா?

சூப்பர்வைசர் வந்து, "டிக் போட்டுத்தாம்மா அனுப்பினேன், மேல யாரு என்ன பண்ணாங்கன்னு தெரியல"ன்னார். பாவம், அவர் முகமே சுருங்கிப்போச்சு. 290ஐயும் 377ஐயும் விட்டுட்டாங்க. 377 வயசுல பெரியவங்க, அவங்களுக்குப் பிரசவ லீவு எதுக்கு? "எனக்குக் குடுத்ததை நான் யாருக்குக் குடுக்கிறது, பேரனுக்கா?"ன்னு அவங்களே சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

இந்த வயிறோட புது டோக்கன் குடுக்க மாட்டாங்களாம், "பெத்துட்டு வாம்மா"ன்னுட்டாங்க. பரவாயில்ல. நீ மனசுல வச்சுக்காதே. உன் கையில என்ன இருக்கு?

அக்கா

*

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இரண்டு மாதமாக எழுதவில்லை. மன்னித்துக்கொள்.

எனக்கும் மூன்றரை மாதம் ஆகிறது. மூன்று மாதம் தாண்டும்வரை யாரிடமும் சொல்லவேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் மாடிப்படிக்குப் போனால் இவர் முன்னால் ஓடிப்போய்க் கைப்பிடியைத் துடைக்கிறார், ஈரமாயிருந்து வழுக்கிவிட்டால் என்று. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற ஆள், என்னையும் ஒரு லிஃப்ட் மாதிரியே பார்க்கிறார். தினமும் சத்தம் கேட்கிறதா என்று வயிற்றில் காது வைக்கிறார்.

இன்று சாப்பாட்டு அறைக்குப் போனேன். யாரும் பேச்சை மாற்றவில்லை. எதிர் மேஜைக்காரி நாற்காலியை இழுத்துப்போட்டு, "வாங்க, வாங்க, நம்ம கட்சி"ன்னாள். அழுகை வந்துவிட்டது.

உனக்கு இது ஏழாம் மாதம். எப்படி நேரம் போகிறது? பெரியவள் பள்ளிக்கூடம் போகிறாளா?

அன்புத் தங்கை

*

ஜூலை 8

சின்னிக்கு,

நீ நல்லா இருக்கியா, உள்ள இருக்கிறது நல்லா உதைக்குதா? எனக்குப் பையன். மூணே முக்கால் கிலோ. குண்டன்னே கூப்பிடுறோம். மாமா லாரியோட வெளியூர்ல இருந்தார், நானே ஆட்டோ பிடிச்சுப் போய்ப் பெத்துட்டு வந்தேன். நர்ஸ் கேட்டா, "கூட யாரும் வரலியா?"ன்னு. "இதோ வந்துட்டான்ல"ன்னு இவனைக் காட்டினேன்.

நீ வரமுடியாதுன்னு எனக்குத் தெரியும். பஸ்ல அவ்வளவு நேரம் குலுங்கக்கூடாது. நீ அனுப்பின சட்டையெல்லாம் இவனுக்கு இப்பவே பத்தல.

வீட்டுலயே உட்கார்ந்து பொத்தான் தைச்சுக் குடுக்கிறேன். பொத்தான் டப்பாவைப் பிள்ளைங்க கைக்கு எட்டாம மேல் பலகையில வச்சிருக்கேன், பயப்படாதே. 402 வந்து பார்த்துட்டுப் போனா. அதான், எனக்கு அடுத்த மெஷின்ல காலர் வைப்பாளே, சதா பாடிக்கிட்டே, அந்தப் பொண்ணு. என் மெஷின்ல இப்ப வேற யாரோ உட்கார்ந்திருக்காங்களாம். பெடலை உயரமா மாத்திட்டாங்களாம். ஒரு மாதிரி ஆயிடுச்சு.

உனக்கு எத்தனை மாசம் லீவு? ஆறுன்னு 402 சொல்றா. சம்பளத்தோடயா? முழுசா ஆறு மாசமா? இருக்கட்டும், இருக்கட்டும். நல்லா இரு. நம்ம வீட்டுல ஒருத்திக்காவது கிடைச்சுதே.

அக்கா

*

மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் இவரும் சிட்டுவும் நலம். நீ, மாமா, பெரியவள், குண்டன் எல்லோரும் நலம்தானே?

சிட்டுவுக்கு ஐந்தரை மாதம். நீ பிரசவத்துக்கு வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போனபோது பார்த்த எலிக்குஞ்சு இல்லை இப்போது. கன்னம் வைத்துவிட்டாள். அந்த நான்கு நாளும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. எனக்குப் பால் சுரக்காமல் இவள் கத்துவாள். நீ பக்கத்துக் கட்டிலில் குண்டனை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையால் என் தலையணையைச் சரிசெய்வாய். அவன் மடக் மடக் என்று குடிக்கிற சத்தம் அறை முழுக்கக் கேட்கும். உனக்கு எல்லாமே இப்படித்தான், கேட்காமல் வந்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். தூங்கவில்லை.

ஏப்ரல் ஒன்றாம் தேதி லீவு முடிகிறது. இவர் தன் கம்பெனியில் ஒரு மாதம் லீவு கேட்டார். "பெத்தது நீயா, உன் பொண்டாட்டியா?" என்று ஆபீசே சிரித்ததாம். மூன்று நாள் கொடுத்தார்கள். எங்கள் ஆபீசில் ஐம்பது பெண்கள் இருந்தால் குழந்தைகளுக்கு ஓர் அறை ஒதுக்க வேண்டும். நாங்கள் எப்போதும் நாற்பத்தொன்பது. ஐம்பதாவது பெண் சேருகிற மாதம் யாரையாவது கிளைக்கு மாற்றிவிடுவார்கள். அந்த உத்தரவையும் நான்தான் டைப் அடிக்கிறேன்.

கேட்க எனக்கு வாயில்லை. நீ வீட்டில்தானே இருக்கிறாய். திங்கள் முதல் வெள்ளி வரை சிட்டுவைப் பார்த்துக்கொள்வாயா? ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் பஸ்ஸில் வந்துவிடுவேன். பால்பவுடர், பாட்டில் எல்லாம் கொண்டுவருகிறேன்.

அன்புத் தங்கை

*

மார்ச் 25

சின்னிக்கு,

எல்லாரும் சுகம். கொண்டு வா. இதுக்கு ஏன் ரெண்டு பக்கம் சுத்தி வளைக்கிறே? ஒண்ணு கத்தினாலும் ரெண்டு கத்தினாலும் காது ஒண்ணுதான்.

"வீட்டில்தானே இருக்கிறாய்"னு எழுதியிருக்கே. ஆமா. வீட்டுலதான் இருக்கேன்.

அவ எந்தப் பக்கம் சாய்ஞ்சா தூங்குவா, எதுக்குப் பயப்படுவா எல்லாம் ஒரு தாள்ல எழுதிக் குடு. நீ பொறுமையா எழுதுவே.

அக்கா

*

மே 12

அக்காவுக்கு,

நான் நலமாக இல்லை. அதனால் உன் நலமும் கேட்கப்போவதில்லை.

நேற்று சனிக்கிழமை உன் வீட்டுக்குப் பத்து மணிக்கே வந்துவிட்டேன். கதவு பாதி திறந்திருந்தது. குண்டன் பாயில் கரண்டியைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தான். நீ முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உன் இடுப்புக்கு இந்தப் பக்கம் இரண்டு சின்னக் கால்கள் தெரிந்தன. ஊதா சாக்ஸ். நான் வாங்கிப் போட்ட சாக்ஸ்.

தெருக்கோடிக்குப் போய் மருந்துக்கடை வாசலில் நின்றேன். அரைமணி கழித்து, செருப்பைச் சத்தமாகத் தேய்த்துக்கொண்டு வந்தேன். நீ "வா, வா"ன்னு சிரித்தாய். பால்பவுடர் டின்னைத் திறந்து பார்த்தேன். போன வாரம் இருந்த அளவே இருந்தது. மாலை நான் பாட்டில் கொடுத்தபோது அவள் தலையைத் திருப்பிக்கொண்டு உன் குரல் வந்த பக்கம் பார்த்தாள். என் கையில் இருந்துகொண்டு உன்னைத் தேடினாள்.

எத்தனை நாளாக நடக்கிறது? என் குழந்தைக்குப் பால் கொடுக்க உன்னை யார் கேட்டார்கள்? உனக்கு இரண்டு இருக்கிறது, அக்கா. எனக்கு இருப்பது ஒன்று.

தங்கை

*

மே 16

சின்னிக்கு,

நீ நல்லா இரு. நீ கேட்கலைன்னாலும் நாங்க நல்லா இருக்கோம்.

வந்த மூணாவது நாளிலிருந்து. பாட்டிலை வாயில வச்சா துப்பிடுவா. ஸ்பூன்ல குடுத்தேன், பாலாடையில குடுத்தேன், ஆடிக்கிட்டே குடுத்தேன், பெரியவளைக் குரங்கு மாதிரி குதிக்கவிட்டுக் குடுத்தேன். ரெண்டு நாள் சரியா ஒண்ணுக்குக்கூடப் போகல. உதடு காய்ஞ்சுபோச்சு. என்ன பண்ணச் சொல்றே? எடுத்து மடியில போட்டேன். நிறுத்திட்டா. அவ்வளவுதான்.

உங்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல. ஏன் சொல்லலைன்னு சொல்றேன், நீ எழுதினதுக்கு நானும் எழுதிடுறேன்.

பெரியவ பிறந்து நாப்பதாவது நாள் நான் மெஷின்ல உட்கார்ந்தேன். பதினோரு மணி ஆனா சட்டை நனைஞ்சுடும். காலர் துணியை நெஞ்சோட சேர்த்துப் பிடிச்சுக்கிட்டுத் தைப்பேன், சூப்பர்வைசர் ஆம்பளையாச்சே. பாத்ரூம்ல போய்ச் சுவர்ல பீச்சிட்டு வருவேன். அங்க என் பிள்ளை அவ பாட்டிகிட்ட சர்க்கரைத் தண்ணி குடிச்சிட்டு இருக்கும். இன்னிக்கும் அவளுக்குக் காய்ச்சல் வந்தா பாட்டின்னுதான் அழுவா. நீ ஆறு மாசம் கதவைச் சாத்திக்கிட்டு உன் பொண்ணு மூஞ்சியைப் பார்த்துட்டுப் படுத்திருந்தே. அதை நினைக்க நினைக்க எனக்கு வயிறு எரியும். நல்லா இரு, நல்லா இருன்னு எழுதிட்டு வயிறு எரிஞ்சேன். சிட்டு எங்கிட்ட குடிச்சப்ப, படிச்சவளுக்கு இல்லாதது ஒண்ணு எங்கிட்ட இருக்குன்னு தோணுச்சு. அந்தச் சந்தோஷத்தை விட மனசு வரல. அதான் சொல்லல.

இப்ப என்னைத் திட்டிக்கோ.

அக்கா

*

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இந்தக் கடிதத்துக்குப் பிறகு நீ எனக்குப் பதில் போடாவிட்டாலும், சிட்டுவின் நலத்தை மட்டும் பெரியவளை விட்டாவது ஒரு வரி எழுதச் சொல்.

போன வருடம் ஜனவரியில் அந்தப் பட்டியல் என் மேஜைக்கு வந்தது. ஐந்து நம்பருக்கு நேரே டிக் இருந்தது. மேனேஜர் கோட் மாட்டிக்கொண்டே சொன்னார்: "டிக் போட்டதுல ரெண்டு பேரை மட்டும் விட்டுடும்மா. நீயே பார்த்துப் போடு, எனக்கு மீட்டிங் இருக்கு." வேறு யாரும் அறையில் இல்லை. உன் கடிதம் என் இழுப்பறையில் இருந்தது.

கூடப்பிறந்தவளுக்குச் சலுகை காட்டினால் அது நேர்மையாகுமா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். படித்தவள் அப்படித்தான் கேட்டுக்கொள்வாள் இல்லையா? 290ஐயும் 377ஐயும் விட்டேன். அவர்கள் யாரென்றே எனக்குத் தெரியாது. 318ஐ டைப் அடித்தேன். அடித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

நேர்மை இல்லை, அக்கா. எனக்குத் தங்காமல் போன அதே வருடம் உனக்கு, வேண்டாம் என்று இருந்த உனக்கு, தானாக வந்தது. "நாங்க எதிர்பார்க்கவே இல்ல" என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அது மட்டும் கிடைத்தால் போதாதா, லீவும் வேண்டுமா என்று நினைத்தேன். நினைத்தது நான்தான். அந்தச் சமயம் சிட்டு என் வயிற்றில் உண்டாகியிருந்தாள், எனக்கே தெரியாமல்.

நான் கல்லூரியில் சேர்ந்த நாளில் நீ மெஷினுக்குப் போனாய். அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

உன் தங்கை

*

ஜூன் 14

சின்னிக்கு,

சிட்டு நல்லா இருக்கா. கீழ் ஈறுல ரெண்டு பல் வந்திருக்கு. மத்தவங்களும் சுகம்.

மூணு சனிக்கிழமை வந்தே. குழந்தையை உன் கையில குடுத்துட்டு நான் துணி துவைக்கப் போனேன். துவைச்ச துணியையே திரும்பத் துவைச்சேன். மாமாகூடக் கேட்டார், "ரெண்டு பேரும் மௌன விரதமா?"ன்னு.

கோபம் தீரல. தீர்ந்துடுச்சுன்னு எழுதினா பொய். 377 அம்மா "பேரனுக்கா குடுக்கிறது"ன்னு சிரிச்சாங்களே, அது இப்ப காதுல கேட்டுக்கிட்டே இருக்கு. தெரியாதவ யாரோ பண்ணியிருந்தா நாலு வசவு விட்டுட்டுப் போயிருப்பேன்.

ஒண்ணு மட்டும் யோசிச்சுப் பார்த்தேன். இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா அன்னிக்கு சிட்டுவுக்குக் குடுத்திருப்பேனா? குடுத்திருப்பேன். ஆனா அவ அழுகையை இன்னும் கொஞ்ச நேரம் கேட்டிருப்பேன்.

402க்கு ஏழு மாசம். இப்ப பாடுறதில்லயாம், மூச்சு வாங்குதாம். அவளுக்கு வருஷம் முடியறது அடுத்த மாசம். டிக் இருக்கோ இல்லியோ தெரியாது. அவ எனக்குச் சொந்தமும் இல்ல, உனக்கும் இல்ல. நேர்மைக்கு எந்தக் குறையும் வராது. பாரு.

அக்கா

*

ஜூன் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்கள் ஐந்து பேரும் நலமாக இருக்க வேண்டும்.

402க்கு டிக் இல்லை. பதினேழு நம்பர் வந்திருந்தது. வெறும் தலைப்பை மட்டும் டைப் அடித்து மேனேஜர் முன்னால் வைத்தேன்.

"என்னம்மா, நம்பரையே காணோம்?"

"இதை நான் அடிக்கமாட்டேன் சார். இதுல ஒருத்தி ஏழு மாசம்."

"உனக்குத் தெரிஞ்ச பொண்ணா?"

என் குரல் உனக்குத் தெரியுமே, எதிரே இருப்பவருக்கே எட்டாது. ஆனாலும் சொன்னேன். "எங்க அக்காவோட பக்கத்து மெஷின். அக்கா நம்பர் 318. போன வருஷம் நான்தான் அவளை லிஸ்ட்ல போட்டேன்." எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள், தையல் யூனிட்டில் காலர் வைத்தவள் என்று நாலு வருடத்தில் அந்த அறையில் முதன்முறையாகச் சொன்னேன். எதிர் மேஜைக்காரி தட்டச்சை நிறுத்திவிட்டாள். மேனேஜர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். கடைசியில் 402ஐ மட்டும் தன் பேனாவாலேயே கோடு போட்டு நீக்கிவிட்டு, மீதி பதினாறையும் எதிர் மேஜைக்குக் கொடுத்தார். அவள் என்னைப் பார்க்காமல் டைப் அடித்தாள். அடுத்த மாதம் முதல் பட்டியல் என்னிடம் வராது. ஐம்பதாவது பெண் சேரும்போது யார் பெயர் கிளைக்குப் போகும் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பதினாறு பேருக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை வருகிறேன். துணி துவைக்கப் போகாதே. சிட்டுவுக்குப் பசித்து அழும்போது முதலில் என்னிடம் கொடு. தலையைத் திருப்புவாள், உன்னைத் தேடுவாள், எனக்கு வயிறு எரியும். எரியட்டும். கொஞ்ச நேரம் அழட்டும், நீ கேட்காமல் விட்ட அந்தக் கொஞ்ச நேரத்தை நான் கேட்கிறேன். அப்புறமும் நிறுத்தவில்லை என்றால் நீ எடுத்துக்கொள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன், மருந்துக்கடைக்குப் போகமாட்டேன்.

பெரியவளுக்கும் குண்டனுக்கும் முத்தம். மாமாவுக்கு வணக்கம்.

318இன் தங்கை